மேகம் வெடிப்பதில்லை

2024 டிசம்பர் 1, காலை. ஃபெஞ்சல் புயல் கரையேறியும் நகராமல் புதுச்சேரியிலேயே நின்று கொட்டித் தீர்த்த மறுநாள். தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி பேரன் கத்தினான்: "தாத்தா, மேகம் வெடிச்சிடுச்சு!"

"இல்லடா" என்றேன். குமாஸ்தா புத்தி, எதையும் கணக்குப் பார்க்கும். 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 46 செ.மீ. மணிக்குச் சராசரி 2 செ.மீ.கூட இல்லை. மேகவெடிப்பு என்று வானிலைத் துறை சொல்வது வேறு. இருபது, முப்பது சதுர கிலோமீட்டருக்குள், ஒரே மணி நேரத்தில் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நூறு லிட்டர்.

உண்மையில் எதுவும் வெடிப்பதில்லை. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. அங்கே குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. கீழிருந்து வேகமாக எழும் காற்று அவற்றை விழவிடாமல் தாங்குகிறது. துளிகள் சேர்ந்து சேர்ந்து பெருக்கின்றன. காற்று தளர்ந்ததும் மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இப்படிக் கொட்டும் மழையை 'த்ரோம்ப் தோ' என்போம். நீர்த்தூண் என்று சொல்லலாம். வெடிப்பு என்பதைவிட அதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

லடாக்கின் லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 10 செ.மீ.தான். அங்கே 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் மேகவெடிப்பு. மண்கல் வீடுகள் சேற்றோடு போயின. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இடம் சிறியது, நேரமும் குறைவு என்பதால், இன்ன ஊரில் இன்ன மணிக்கு என்று முன்கூட்டிச் சொல்வது மிகவும் கடினம்.

எனக்கோ அவகாசம் இருந்தது. வாசற்படியில் ஏறிய தண்ணீர் அறைக்குள் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. "இதோ நின்றுவிடும்" என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கி மேலே வைக்கவில்லை. என் ப்ரெவே சான்றிதழ் ஊறிப் போனது. அது போகட்டும். மறைந்த என் மனைவி, கல்யாணமான புதிதில் தாய்வீட்டிலிருந்து எழுதிய கடிதங்களும் அதில்தான் இருந்தன. வெயிலில் காயவைத்தேன். காகிதம் மிஞ்சியது, எழுத்து மிஞ்சவில்லை.

கேதார்நாத், பத்ரிநாத் என்று கிளம்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். மழைக்காலத்தில் ஓடைக்கரையில் அறை எடுக்காதீர்கள். மேட்டில் தங்குங்கள். மேலே எங்கோ இடி முழங்கி, ஓடை திடீரெனக் கலங்கினால், சாமான்களை எண்ணிக்கொண்டிருக்காமல் மேடேறுங்கள். என்னைப்போல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அங்கே மூன்று மணி நேரம் கிடைக்காது.