ஆணி, அமாவாசை, அணில்

போன கோடை லீவுக்கு அக்கா பையன் ஊருக்கு வந்திருந்தான். தேனிப் பக்கம் கிராமம், வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு தென்னந்தோப்பு. பையனுக்கு 12 வயசு. வந்த அன்னிக்கே பரண் மேல இருந்த என் ஏர் ரைஃபிளைக் கண்டுபிடிச்சுட்டான். "மாமா, சொல்லிக் குடுங்க மாமா"ன்னு ஒரே நச்சரிப்பு.

எனக்கும் உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். ஞாயித்துக்கிழமை காலையில தோப்புல தனியா நின்னு டப் டப்புன்னு சுட்டுக்கிட்டிருக்கிற எனக்கு ஒரு சிஷ்யப்பிள்ளை கிடைச்சா கசக்குமா என்ன?

(பயந்துடாதீங்க மக்களே. பேரலை மடக்கி ஒவ்வொரு ரவையா போடுற ஸ்பிரிங் துப்பாக்கி இது. 4.5 மில்லிமீட்டர் ரவை, 20 ஜூலுக்குக் கீழே சக்தி இருந்தா, 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். அதுக்காக இது பொம்மையும் இல்லை. கண்ணுல பட்டா கண்ணு போயிடும்.)

முதல் நாள் முழுக்க சட்டதிட்டம். ரெண்டு பேருக்கும் கண்ணாடி. சுவத்தோரம் மணல் மூட்டை அடுக்கி, அதுக்கு முன்னாடிதான் டார்கெட். சுடுற வரைக்கும் விரல் டிரிக்கருக்கு வெளியே. முன்னாடி ஆள் இருந்தா துப்பாக்கி கீழே. முடிச்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவணும், ரவை ஈயம். பையன் எல்லாத்துக்கும் தலையாட்டினான்.

அப்புறம் அட்டையை மாட்டினேன். 2008-ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் போட்டி அட்டை. மொத்த வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவுல பத்து மார்க்குக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். ரவையை விடச் சின்னது! 'பாருடா, உலகத்தரம்'னு பெருமையா சொன்னேன்.

ரெண்டாவது நாளே பையனுக்கு போரடிச்சிருச்சு. தப்பு அவன் மேல இல்லை. சுட்டா ஒண்ணும் நடக்கலை. 10 மீட்டர் தள்ளி கறுப்பு வட்டத்துல விழுற ஓட்டை கண்ணுக்கே தெரியாது. நடந்து போய் அட்டையைப் பார்த்தாத்தான் மூணா, ஏழான்னு தெரியும். பரீட்சை பேப்பர் திருத்தி வாங்குற மாதிரி. லீவுல கூடவா பரீட்சை?

மூணாவது நாள் காலையில நான் மணல் மூட்டையைச் சரி பண்ணிட்டுத் திரும்பறேன், பையன் துப்பாக்கியைத் தூக்கி வெச்சுக் குறி பார்க்கிறான். தென்னை மரத்துல அணில். ரவை போடலை. "சும்மா பார்த்தேன் மாமா"ன்னான். அவன் சொன்னது நிஜம்தான். ஆனா அந்த 'சும்மா' எனக்குத் தெரியும்.

எனக்கும் அப்போ 13 வயசு. பெரியப்பாவோட பழைய துப்பாக்கி. டப்பாவைச் சுட்டு அலுத்துப் போன ஒரு மத்தியானம், சும்மாதான் குறி பார்த்தேன், சும்மாதான் அழுத்தினேன். அணில் உடனே சாகலை. கீழே விழுந்து, பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டு, வேலி வரைக்கும் போச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம பார்த்துக்கிட்டே நின்னேன். யார்கிட்டயும் சொல்லலை. இத்தனை வருஷம் கழிச்சு இங்கதான் சொல்றேன்.

பையனைத் திட்டலை. துப்பாக்கியை வாங்கிப் பரண்ல போட்டுட்டு, ராத்திரி பூரா யோசிச்சேன். பூட்டி வெச்சுட்டா பிரச்சனை தீர்ந்துச்சா? என்னைக்காவது யார் துப்பாக்கியோ அவன் கைக்கு வரும். அன்னிக்கும் போரடிக்கும். அணிலை விட சுவாரசியமான ஒண்ணை நான் கண்ணுக்கு முன்னாடி வெச்சாகணும்.

மெரினாவுல பலூன் சுடாத ஆள் உண்டா? அந்தக் கடையில என்ன மந்திரம்? அடிச்சா அந்த நொடியே 'பட்'. அவ்ளோதான் விஷயம். டார்கெட் பதில் சொல்லணும்.

மறுநாள் மளிகைக்கடைக்குப் போய் 50 ரூபாய்க்குள்ள ஷாப்பிங் முடிஞ்சது.

முதல்ல பலூன். பெரிசா ஊதினா சின்னப்புள்ளை ஆட்டம். எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஊதிக் கட்டினா காத்துல ஆடும், சுலபத்துல மாட்டாது.

அடுத்து போலோ மிட்டாய். நூல்ல கோத்துத் தொங்கவிட்டா, பட்டதும் வெள்ளைப் பொடியா சிதறும். பையன் குதிச்ச குதி! (சிதறினதைப் பொறுக்கி வாயில போடக்கூடாது. அதுக்குத் தனியா ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்தேன்.)

சோடா மூடியும் நூல்லதான். ஆணி அடிச்சு மாட்டினா ரவை திருப்பி வரும், தொங்கினா அடியை வாங்கிக்கிட்டு 'டிங்'னு ஆடும். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். செருப்பில்லாம நடக்கிற தோப்பு.

நான் ரொம்ப ரசிச்சது சீட்டுக்கட்டு. ஒரு சீட்டை ரெண்டா கீறின குச்சியில நெட்டுக்குத்தலா செருகி, அதோட விளிம்பு நம்மளைப் பார்க்கிற மாதிரி வெச்சேன். மேலே கீழே எங்க பட்டாலும் வெட்டும், பக்கவாட்டுல நகர்ந்தாத்தான் தப்பும். டிரிக்கரை வெடுக்குனு இழுக்கிறவன் பெரும்பாலும் அங்கதான் மாட்டுவான். அதே சீட்டைப் படுக்கையா வெச்சா, மூச்சை ஒழுங்கா நிறுத்தாதவன் மாட்டுவான், ஏன்னா மூச்சு விடும்போது பேரல் மேலும் கீழும்தான் ஆடும். என்ன தப்பு பண்றோம்னு அந்தச் சீட்டே சொல்லிடுது. நெட்டுக்குத்துல மாட்டினது நான்தான். ஹிஹி.

அன்னிக்குத்தான் அவனுக்கு இன்னொண்ணும் புரிஞ்சது. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிச்சா குறி சிதறும். ரவை பேரலை விட்டு வெளியே வர்றதுக்குள்ளயே துப்பாக்கி குலுங்கும். தளர்வா உள்ளங்கையில உட்கார வெச்சு, அது போக்குல குலுங்க விடணும். இதை முதல் நாளே பத்து தடவை சொன்னேன். சீட்டு ஒரே தடவையில சொல்லிக் குடுத்திருச்சு.

ராத்திரி அவனுக்குக் கதை சொன்னேன். பறவையியல் நிபுணர் ஆடுபான் 19-ஆம் நூற்றாண்டுல கென்டக்கி ஆளுங்களோட துப்பாக்கி விளையாட்டைப் பத்தி எழுதியிருக்கார். ஆணியை மூணுல ரெண்டு பங்கு மரத்துல அடிச்சுட்டு, மீதியைக் குண்டாலயே அடிச்சு இறக்குவாங்களாம். இருட்டுல மெழுகுவத்தித் திரியை, தீ அணையாம நுனி மட்டும் போற மாதிரி சுடுவாங்களாம். "நீங்க பண்ணுவீங்களா மாமா?"ன்னான். "ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் சரியா இருக்குடா"ன்னேன். அப்போ அம்மா உள்ளே இருந்து, "துரோணர் மரத்துல வெச்ச பறவையும் பொம்மைதாண்டா, அர்ஜுனன் நிஜப் பறவையை அடிக்கலை"ன்னாங்க. இத்தனை வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்லையே!

மறுநாள் அம்மாவும் தோப்புக்கு சேர் போட்டு வந்துட்டாங்க. எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்ட டார்கெட் அவங்க கொண்டு வந்ததுதான். பழைய மாசக் காலண்டர் தாள். முப்பது கட்டம், முப்பது டார்கெட், செலவே இல்லை. அம்மா பஞ்சாங்கம் கேட்பாங்க. "ஆடிப்பெருக்கு எங்கடா?" பையன் கிட்டப் போய்த் தேடிப் பார்த்து, எந்தக் கட்டம்னு மனசுல வெச்சுக்கிட்டு, திரும்பி வந்து சுடணும். "சஷ்டி?" "டப்." "கிருத்திகை?" "டப்... ஐயோ அம்மாச்சி, பிரதோஷத்துல பட்டுருச்சு!" அமாவாசைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருப்பாங்களே, அதுல பட்டா பத்து மார்க். லீவு முடியறதுக்குள்ள திதி, நட்சத்திரம் பாதி மனப்பாடம். அக்காவே அசந்துட்டா.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில கடைசி அமாவாசை பாக்கி இருந்துச்சு. பையன் ரவை போட்டு, மூச்சை நிறுத்தி, குறி பார்த்தான். சுடலை. துப்பாக்கியை மெதுவா மணல் பக்கமா இறக்கி, விரலை வெளியே எடுத்தான்.

"என்னடா?"

"முன்னாடி ஆள் இருக்கு மாமா."

பார்த்தா, மணல் மூட்டை மேல ஒரு அணில், உக்காந்து எதையோ கொறிச்சுக்கிட்டிருக்கு. அது போற வரைக்கும் மூணு பேரும் காத்திருந்தோம். அது சாவகாசமாத்தான் போச்சு.

கடைசி அமாவாசையைக் கோட்டை விட்டுட்டான். பரவாயில்லை, வர்ற லீவுக்கு நாலு காலண்டர் எடுத்து வெச்சிருக்கேன். உங்களுக்கும் ஏதாவது புது டார்கெட் தோணுச்சுன்னா சொல்லுங்க மக்களே. உயிர் இல்லாததா இருக்கணும், பட்டா பதில் சொல்லணும். அது போதும்.