பில்லியன் என்றால் எத்தனை கோடி?



தீவகத்தில் ஒரு குடும்பத்தை எடுத்தால் ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவர் பாரிஸில் இருப்பார், இன்னொருவர் சவூதியில் இருப்பார். கனடாவில் ஆங்கிலச் செய்தி பார்ப்பவருக்கு பில்லியன் என்றால் 1க்குப் பின்னால் 9 பூச்சியம். பாரிஸில் பிரெஞ்சுச் செய்தி பார்ப்பவருக்கு அதே பில்லியன் 12 பூச்சியம், அதாவது ஆயிரம் மடங்கு கூட. 9 பூச்சியத் தொகையைப் பிரெஞ்சில் 'மில்லியார்' என்பார்கள், ஜேர்மனில் 'மில்லியார்டே', அரபுச் செய்திகளில் 'மில்யார்'. குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே பகிர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பெறுமதி எப்படி வந்தது?

முதலில் மில்லியன். இத்தாலிய மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். அதோடு 'பெரிய' என்று பொருள் தரும் விகுதி சேர்ந்து 'மில்லியோனே' ஆனது. பெரிய ஆயிரம், அதாவது ஆயிரம் ஆயிரம். எங்கள் கணக்கில் 10 இலட்சம்.

1484இல் நிக்கொலா ஷுக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் எழுதிய நூலில் பில்லியன், டிரில்லியன் என்ற பெயர்கள் வரிசையாக வருகின்றன. 'பி' என்றால் இரண்டு. மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன். இன்னொரு தடவை பெருக்கினால் டிரில்லியன். பெயரிலேயே கணக்கு இருந்தது. பின்னாளில் பிரான்சிலேயே சிலர் ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்று சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரித்தானியா பழைய கணக்கிலேயே நின்றது. 1961இல் பிரான்ஸ் சட்டப்படி பழைய கணக்குக்குத் திரும்பியது. 1974இல் பிரதமர் ஹரோல்ட் வில்சன், பிரித்தானிய அரசு இனிப் பில்லியனை ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே பாவிக்கும் என்று பாராளுமன்றத்துக்கு அறிவித்தார். அதனால்தான் பழைய ஆங்கிலப் படிப்புப் படித்த மூத்தவர்கள் சிலர் இன்னும் 'பில்லியன் எண்டால் மில்லியன் மில்லியன்' என்பார்கள். அவர்கள் படித்த காலத்துக்கு அது சரி.

இன்று இலங்கையில் ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு இலட்சம் கோடி.

மில்லியன், பில்லியன் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரிக் கேட்கும். இடைவெளி எவ்வளவு என்று விநாடியில் எண்ணிப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். அன்றிலிருந்து விநாடிகளை எண்ணத் தொடங்கியிருந்தால், ஒரு மில்லியன் விநாடி இரண்டு வாரம் ஆவதற்குள் முடிந்திருக்கும். ஒரு பில்லியன் விநாடி 2022 ஜூலையில்தான் முடிந்திருக்கும். மில்லியன் முடிந்தபோது கைக்குழந்தையாக இருந்தவள், பில்லியன் முடிந்தபோது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தாய்.

அதே 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ 51 பில்லியன் டொலர். பெட்டிக்கடைவரை எல்லோரும் அதைச் சொன்னோம். அது 5,100 கோடி டொலர். 2 கோடி 20 இலட்சம் பேருக்குப் பிரித்தால் பிறந்த குழந்தை உட்பட ஆளுக்கு 2,300 டொலருக்கு மேல். இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் அது எங்கள் கடன் என்று விளங்கும்.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அரசின் நன்கொடை 11 மில்லியன் டொலர். அது 1 கோடி 10 இலட்சம் டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தால் 330 கோடி ரூபா. யாராவது கைதவறி 'மி'க்குப் பதில் 'பி' போட்டுவிட்டால் என்ன ஆகும்? மூன்று சின்னத் தீவுகளின் மின்சாரச் செலவு, நாட்டின் முழு வெளிநாட்டுக் கடனில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். சர்வதேச நாணய நிதியம் 2023இல் அங்கீகரித்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனைவிட மூன்றரை மடங்குக்கு மேல் வரும். அப்படி ஒரு செய்தி வந்தால் எங்களில் எத்தனை பேர் நின்று யோசிப்போம்? எத்தனை பேர் உடனே பகிர்வோம்?

ஸக்காத் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது லேசாக விளங்கும். நாற்பதில் ஒரு பங்கு. ஒரு மில்லியன் ரூபாவுக்கு 25 ஆயிரம். ஒரு பில்லியனுக்கு இரண்டரைக் கோடி. இருபத்தைந்தாயிரத்தில் ஒரு வீட்டுக்குக் கொஞ்ச நாள் சாமான் வாங்கலாம். இரண்டரைக் கோடியில் பல குடும்பங்களுக்கு வீடே கட்டிக் கொடுக்கலாம்.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைக் கண்டித்தே குர்ஆனில் ஒரு சூரா, 83ஆவது, தொடங்குகிறது. தராசில் குறைப்பது மட்டுமா மோசம்? கேட்பவருக்கு விளங்காத சொல்லில் தொகையைச் சொல்லிவிட்டுப் போவதும் அதற்குக் கிட்டத்தான் வரும் என்பது என் எண்ணம்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊர்க் கூட்டத்திலோ, பள்ளிவாசல், கோயில், தேவாலயக் கணக்கு வாசிக்கும்போதோ, அபிவிருத்தித் திட்ட விளக்கத்திலோ யாராவது மில்லியன், பில்லியன் என்று சொன்னால் கூச்சப்படாமல் எழும்பிக் கேளுங்கள்: 'எத்தனை இலட்சம், எத்தனை கோடி எண்டு சொல்லுங்கோ.' காசு எங்கள் பெயரில் வருகிறது, கடனும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு.