எழுத்துப் பெருத்தால் இடம் எங்கே?

வெள்ளெழுத்து நோயன்று, வயதின் வரவு. நாற்பதைத் தாண்டியவர்களின் கண்வில்லை மெல்ல மெல்ல இறுகி, அருகிலுள்ள பொருளின் மீது குவியும் வல்லமையை இழந்து விடுகின்றது. பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் பெரியவர்களை நாம் எல்லா வீடுகளிலும் கண்டிருக்கின்றோம். கையின் நீளம் போதாமற் போகும் நாளில் கண்ணாடி வந்து சேரும். கணனித் திரையோ இந்தக் கணக்கைக் குழப்பி விட்டது. வாசிப்புக் கண்ணாடி புத்தகத்தின் தூரத்துக்கென அமைந்தது. திரை அதற்கும் அப்பால், தெருவுக்கும் புத்தகத்துக்கும் இடைப்பட்ட ஒரு தூரத்தில் நிற்கின்றது. கழுத்தை நிமிர்த்தியும் தாழ்த்தியும் களைத்துப் போன எம்போன்றோர் இறுதியில் கைக்கொள்ளும் வழி, திரையிலுள்ள எழுத்தைப் பெரிதாக்குவதே.

பெரிதாக்குவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். எழுத்தின் பருமன் வெறும் ஓர் எண்தானே. 9 என்றிருப்பதை 14 என்று மாற்றினால் ஆயிற்று. சிரமம் எழுத்தில் இல்லை, எழுத்தைச் சுற்றி உள்ளவற்றில் இருக்கின்றது. திரையிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஏதோவொரு பொத்தானுக்குள்ளோ பட்டியலுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ அமர்ந்திருக்கின்றது. சொல் பெருக்கும்போது அந்தப் பெட்டியும் பெருக்க வேண்டும்; பக்கத்துப் பெட்டி நகர வேண்டும்; அதற்குக் கீழுள்ளது இன்னும் கீழே இறங்க வேண்டும்.

ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிய சங்கதியன்று. தலைப்பை 24 பொயின்ற்றிலிருந்து 36 பொயின்ற்றுக்கு உயர்த்துமாறு ஆசிரியர் சொன்னால், அச்சுக்கோப்பாளர் முணுமுணுத்துக் கொண்டே வரிகளுக்கிடையிலுள்ள ஈயத் தகடுகளைக் களைவார். அதுவும் போதாவிடின் செய்தியின் கடைசிப் பந்தியை வெட்டும்படி எம்மிடம் வருவார். இரும்புச் சட்டத்துக்குள் எல்லாம் அடங்கிய பின்னரே பக்கத்தை முடுக்கி இறுக்குவார். கணனி மென்பொருள்களை எழுதியோரிற் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினர். சட்டத்தை முதலில் இறுக்கி விட்டு, உள்ளே வரும் எழுத்தின் பருமனைப் பயனர் பின்னர் தீர்மானிக்கலாம் என்று விட்டனர்.

அளவு பற்றிய குழப்பமும் இதனோடு சேர்ந்தே பிறந்தது. 1984 இல் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ், ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்று கொண்டது. அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 72 பொயின்ற் என்பதால், திரையின் ஒரு புள்ளியே ஒரு பொயின்ற் ஆயிற்று. மைக்ரோசொப்ட் விண்டோஸ் 96 என்று கொண்டது. திரையைக் காகிதத்தை விட மூன்றிலொரு பங்கு கூடுதலான தூரத்தில் வைத்துப் பார்க்கின்றோம், ஆகவே எழுத்தும் அந்த அளவு பெரிதாக இருக்கட்டும் என்பது அதன் நியாயம். நல்ல நியாயந்தான். ஆனால் திரைகள் வர வர அடர்த்தியாயின. 96 என்ற எண் மட்டும் நிலைத்து நின்றது. 15.6 அங்குல மடிக்கணனியில் அகலத்துக்கு 1920 புள்ளிகள் இருப்பின், ஓர் அங்குலத்துக்கு 141 புள்ளிகள் வரும். அதில் எவ்வித உருப்பெருக்கமுமின்றி 9 பொயின்ற் என்று காட்டப்படும் எழுத்தை அளவுகோல் வைத்து அளந்தால், அது 6 பொயின்ற்றுக்குச் சற்றே அதிகமாக இருக்கும். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் தம் செய்திகளை 6 பொயின்ற்றில் அச்சிட உடன்படார்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 இல் வந்தபோது அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மெனுக்களினதும் தலைப்புப் பட்டைகளினதும் எழுத்தை மட்டும் பெரிதாக்கியது. மற்றையது, 96 ஐ 120 ஆக்கி அங்குலத்தின் கணக்கையே மாற்றியது. இதில் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸின் உரையாடற் பெட்டிகள் புள்ளிக் கணக்கில் அளக்கப்பட்டவையல்ல. எழுத்தின் சராசரி அகலத்தில் காற்பங்கு, உயரத்தில் எட்டிலொரு பங்கு என்ற அலகுகளாலேயே அவை அளக்கப்பட்டன. எழுத்துப் பெருத்தால் பெட்டியும் பெருக்க வேண்டும் என்பதை அதனை வடித்தவர்கள் அறிந்தேயிருந்தனர். ஆனால் படங்களையும் கருவிப் பட்டைகளையும் தாமே வரைந்த சாளரங்களையும் மென்பொருள் எழுதுவோர் புள்ளிக் கணக்கில் நிறுத்தினர். தமது மேசையிலிருந்த திரையில் சரியாக இருந்தது, அத்துடன் விட்டனர். பெட்டி ஒழுங்காகப் பெருத்த இடங்களிலோ வேறொரு வில்லங்கம்: அது திரையை விடவும் உயரமாகி விடும். அத்தகைய பெட்டிகளிற் பெரும்பாலானவற்றை உருட்டவும் முடியாது, இழுத்துச் சுருக்கவும் முடியாது.

எனது நண்பர் ஒருவர் நீண்ட காலம் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். தமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளராக வரவு செலவுக் கணக்கை எழுதி வந்தார். கொப்பியில் எழுதியதைக் கணனியில் எழுதும்படி இளைஞர்கள் ஒரு மென்பொருளைக் கொண்டு வந்து கொடுத்தனர். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அவருக்கு மகிழ்ச்சி. மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, எழுத்து வடிவாத் தெரியுது. பதியிற பொத்தானைத்தான் காணேல்லை."

பொத்தான் திரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அளவைக் குறைத்தால் அது மேலே வரும். ஆனால் அளவை மாற்றக் கணனியை நிறுத்தி மீளத் தொடக்க வேண்டும், தொடக்கினால் அதுவரை எழுதிய கணக்குப் போய்விடும். சில கிழமைகள் சிறிய எழுத்திலேயே, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரையோடு ஒட்டிப் பிடித்தபடி கணக்கெழுதினார். அடுத்த பொதுக்கூட்டத்தில் பதவியைத் துறந்தார். "கண் இனி ஏலாது" என்பதே அவர் சொன்ன காரணம். கூட்டக் குறிப்பிலும் அப்படியே பதிந்தனர். அந்தக் கண், அன்று மாலைகூட என் கட்டுரையொன்றில் தவறிய ஒற்றைப் பிடித்துச் சொன்ன கண்.

இதற்கு மாற்று வழி தெரியாத காலமன்று அது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஜோன் ஓஸ்ரர்ஹவுட் ஆக்கிய ரிகே என்ற கருவித் தொகுதி 1991 இலேயே வெளிவந்து விட்டது. அதில் ஒரு பொத்தானை இத்தனையாவது புள்ளியில் வை என்று சொல்லத் தேவையில்லை. உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பெட்டி கேட்கும். உள்ளேயுள்ள எழுத்துத் தன் அளவைச் சொல்லும். பெட்டி பகிர்ந்து கொடுக்கும். பந்தியில் பருத்த ஒருவர் வந்து அமர்ந்தால் மற்றவர்கள் அரக்கி இடம் விடுவது போன்றது இந்த ஏற்பாடு. லினக்ஸ் மேசைத்தளமான க்னோம் இவ்வழியிலேயே கட்டப்பட்டது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கும்போது அங்கே வெட்டுப்படுவது குறைவு. திரையை விடப் பெட்டி பெருத்து விடும் தொல்லை அங்கும் உண்டு. ஆயினும் விசையொன்றை அழுத்திக் கொண்டு சாளரத்தை எந்த இடத்திலும் பிடித்து மேலே இழுத்து, ஒளிந்திருக்கும் பொத்தானை எட்டலாம்.

தமிழ் இந்த விடயத்தில் வெறும் பார்வையாளன் அல்ல. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்கும் 'கான்சல்' தமிழில் 'இரத்துச் செய்' என்று நீள்கின்றது. அகலத்தை விட உயரம் எமக்கு மிகவும் முக்கியம். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உள்ள எழுத்து எமது எழுத்து. ஆங்கிலத்தின் உயரத்துக்கென இறுக்கிய பெட்டியில் தமிழை இட்டால் தலையிலேயே வெட்டு விழும். 'பத்து' என்பது 'பதது' ஆகும். விசிறியின் முனைச்சுழி வெட்டுப்பட்டால் 'வீடு' எது, 'விடு' எது என்று கண்டறிய முடியாது. ஆங்கில எழுத்து வெட்டுப்பட்டால் அழகு கெடும், பெரும்பாலும் பொருளை ஊகிக்கலாம். எமக்கோ பொருளே மாறிவிடும். எழுத்துப் பெருத்தால் நெகிழ்ந்து கொடுக்கும் பெட்டி, தமிழ் வந்தாலும் நெகிழ்ந்து கொடுக்கும். முதியவரும் மொழிபெயர்ப்பாளரும் முட்டிக் கொள்வது ஒரே சுவரில்.

பின்னாளில் சுவர் சற்றே இளகியது. 2007 இல் பொதுமக்களிடம் வந்த விஸ்ரா, அளவு மாற்றத்தை அறியாத பழைய மென்பொருள்களைப் புகைப்படம் போல முழுதாக இழுத்துப் பெருப்பித்தது. வெட்டு நின்றது, ஆனால் எழுத்துக் கலங்கிற்று. கண் மங்கியவருக்கு மங்கிய எழுத்தை மருந்தாகக் கொடுத்ததை என்னென்பது! 2012 இல் அப்பிள் தனது மடிக்கணனியின் திரைப் புள்ளிகளை இரு திசைகளிலும் இரட்டிப்பாக்கியது. மற்றைய நிறுவனங்களும் அடர்ந்த திரைகளை விற்கத் தொடங்கின. 2013 இல் விண்டோஸ் 8.1, ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறு அளவை வைத்துக் கொள்ள இடமளித்தது. மென்பொருள் எழுதும் இளைஞர்களின் விலை கூடிய புதிய திரைகளில் எழுத்துகள் எறும்பாகிய பின்னரே இந்த வேலை வேகம் கொண்டது என்பது என் எண்ணம். முதியோர் அதற்கு முன்னரே பல்லாண்டுகளாக முறையிட்டு வந்தனர்.

அடர்ந்த திரைக்காக அனைத்தையும் சேர்த்துப் பெருப்பிப்பது ஒன்று. எழுத்தை மட்டும் பெருப்பிப்பது வேறொன்று. பின்னையது இன்னமும் சவலைப் பிள்ளை. விண்டோஸ் 10 இல், மெனு எழுத்தை மட்டும் பெரிதாக்கும் பழைய வசதியை 2017 இல் எடுத்து விட்டனர். 2018 இன் பிற்பகுதியில் 225 வீதம் வரை கூட்டக்கூடிய வேறொரு வடிவில் திரும்பவும் தந்தனர். மக் கணனிகளிலோ, எழுத்தின் பருமனை ஓரிடத்தில் மாற்றிப் பல மென்பொருள்களுக்குப் பொருந்தச் செய்யும் வசதி 2023 இல்தான் வந்தது. அதுவும் அதற்கு இசைந்த மென்பொருள்களுக்கு மட்டுமே.

எனது மடிக்கணனியில் தற்போது அனைத்தும் 125 வீதத்திலும், அதற்கு மேலாக எழுத்து மட்டும் 140 வீதத்திலும் இருக்கின்றன. கோப்புகளின் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன; மெனுக்கள் ஒழுங்காக விரிகின்றன. பழைய அகராதி மென்பொருளொன்றில் மட்டும் தேடற் பெட்டி அசையாமல் நிற்கின்றது. அதில் தட்டச்சிடும் சொற்களின் புள்ளிகள் தெரிவதில்லை. விரல் சரியாக விழுந்திருக்கும் என்று நம்பித்தான் தேடுகின்றேன்.