பவுலடியாரின் தீவில் ஒரு திருமணம்

சோளிங்கரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வாழ்வின் நன்னாளை முன்னிட்டு மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்வது வியப்பான காட்சியன்று. யோக நரசிம்மர் கோவில் அமைந்த பெரிய மலையின் 1,305 படிகளையும், எதிரே ஆஞ்சநேயர் கோவில் அமைந்த சின்ன மலையின் 406 படிகளையும், மஞ்சள் கயிற்றின் ஈரம் உலராத புதுமணப் பெண்கள் கணவரின் கைபற்றி ஏறிச் செல்வதைச் சிறுவயது முதலே கண்டு வந்திருக்கிறோம். 2024-ஆம் ஆண்டில் பெரிய மலைக்கு ரோப் கார் வந்த பின், நடக்க இயலாத முதியோரும் மேலே சென்று வருகின்றனர். நம் கத்தோலிக்க மக்களிடையேயும் இவ்வழக்கம் புதிதன்று. 1962-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணித் திருத்தலத்தில் தாலி கட்டுவதாக நேர்ந்துகொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுச் செல்வோர் எத்தனையோ பேர்!

இவ்வளவு அறிந்திருந்தும், என் தங்கை மகள் தொலைபேசியில், “மாமா, என் கலியாணம் மால்ட்டாவில் நடக்கட்டும், இருபது பேர் போதும்” என்றபோது எங்கள் வீடு திகைத்துவிட்டது.

அவள் அத்தீவில் ஐந்தாண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறாள். மாப்பிள்ளை தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவர். அங்கேயே துறைமுகத்தில் வேலை. இருவருக்கும் ஒரே சமயத்தில் நீண்ட விடுப்புக் கிடைப்பது அரிது. ஆனால் அவள் மனத்தில் இருந்த காரணம் விடுப்பு மட்டுமன்று. அவளுடைய அக்காளின் திருமணத்துக்கு எழுநூறு பேருக்கு விருந்து வைத்தோம். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் முப்பதாண்டுகள் உழைத்த என் தங்கை கணவர், அக்கடனுக்கு ஏழாண்டுகள் வட்டி கட்டினார். “அப்பா இன்னொரு முறை கைமாற்றுக்கு அலைவதை நான் பார்க்க மாட்டேன்” என்று அவள் சொன்னபோது அவரால் மறுமொழி கூற இயலவில்லை.

மறுமொழி கூறியவர் என் தாயார். அவருக்கு வயது 78. பேத்தியைக் கைக்குழந்தையாய் வாங்கி வளர்த்தவர். முழங்கால் வலியால் கோவிலுக்கே ஆட்டோவில் செல்பவர். “என்னால் ஆகாயத்தில் பறக்க முடியாது. என் கண்ணுக்குத் தெரியாமல் அவளுக்குத் தாலி ஏறுவதா?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு இரண்டு நாட்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

திருச்சபை கேட்பது

பங்குத் தந்தையிடம் சென்றோம். அவர் கூறிய செய்திகள் இத்தகைய எண்ணம் கொண்ட பிற குடும்பங்களுக்கும் பயன்படுமாதலின் இங்கே சுருக்கித் தருகிறேன்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, மணமக்களுள் ஒருவரேனும் நிலையாகக் குடியிருக்கும் பங்கிலோ, ஒரு மாதமாவது தங்கியிருந்த பங்கிலோ திருமணம் நிகழலாம். வேறிடத்தில் நிகழ்த்தத் தம் ஆயரின் அல்லது பங்குத் தந்தையின் அனுமதி தேவை. எங்கள் பிள்ளைகள் மால்ட்டாவிலேயே வசிப்பதால் அத்தடை எழவில்லை. விருந்தினராகச் சென்று மணமுடித்துத் திரும்ப எண்ணுவோர் அவ்வனுமதியை முதலிலேயே பெறவேண்டும். கடற்கரை மணலிலும் விடுதித் தோட்டத்திலும் மணப்பந்தல் போடும் ஆசை இன்று பலருக்கும் உண்டு. ஆனால் கத்தோலிக்கர் இருவரின் மணத்துக்குரிய இடம் பங்குக் கோவிலே. பொருத்தமான வேறு இடத்துக்கு ஆயரின் இசைவு வேண்டும்.

மணமக்கள் இருவரும் திருமணத்துக்குத் தடையற்றவர்கள் என்பதற்குச் சொந்தப் பங்கிலிருந்து சான்று செல்லவேண்டும். புதிதாக எடுக்கப்பட்ட ஞானஸ்நானச் சான்றும் உறுதிபூசுதல் சான்றும் மறைமாவட்ட அலுவலகத்தின் வழியாகவே செல்லும். மணம் நிறைவேறியதும் அச்செய்தி திரும்பி வந்து, குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டில் குறிக்கப்படும். உலகின் எந்த மூலையில் மணமுடித்தாலும், ஒருவருடைய பெயர் அவருடைய தாய்க்கோவில் ஏட்டுக்கே திரும்பி வருகிறது!

அன்று தந்தையவர்கள் இன்னொன்றும் சொன்னார்: “ஓலை இங்கே வாசிக்கப்படும். மூன்று ஞாயிறும் பாட்டியை அழைத்து வாருங்கள்.”

அரசு கேட்பது

மால்ட்டாவுக்கும் திருப்பீடத்துக்கும் 1993-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக, அங்கே கோவிலில் நடைபெறும் கத்தோலிக்கத் திருமணத்துக்கு நாட்டுச் சட்டமும் மதிப்பளிக்கிறது. எனினும் அரசுப் பதிவகத்தில் விண்ணப்பம் அளித்தாகவேண்டும். மணநாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாக அதனை ஏற்கமாட்டார்கள். ஆறு வாரங்களுக்குள் வந்தாலும் ஏற்கமாட்டார்கள். பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, மணமாகாதவர் என்பதற்கான சான்று, உறுதிமொழி ஆகியவை வேண்டும்.

எங்களை அலைக்கழித்தது பெயர்தான். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு புனிதையின் பெயரும் சேர்ந்திருக்கிறது. பிறப்புச் சான்றில் அது இல்லை. கடவுச்சீட்டிலோ தந்தையின் பெயரே குடும்பப் பெயராக நிற்கிறது. மூன்றும் ஒரே பெண்தான் என்று நிறுவ நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கு ‘அப்போஸ்டில்’ எனப்படும் பன்னாட்டு முத்திரை பெற்று அனுப்புவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. மகனோ மகளோ வெளிநாட்டில் மணமுடிக்கும் வாய்ப்பிருந்தால், பெற்றோர் இன்றே எல்லாச் சான்றுகளிலும் பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

உறவினருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைந்து தாமதிக்கக் கூடாது. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். நாங்கள் அறுவர் விண்ணப்பித்தோம், நால்வருக்கே கிடைத்தது. மறுக்கப்பட்ட இருவருள் ஒருவன் மணப்பெண்ணின் தம்பி. பயணத்துக்கென வாங்கிய புதிய காலணியை அவன் பெட்டியோடு எடுத்து அலமாரியில் வைத்ததைக் கண்டபோது, “இருபது பேர் போதும்” என்று சொல்வது எளிது, அந்த இருபது பேர் யார் என்று முடிவு செய்வது எளிதன்று என உணர்ந்தேன்.

தேன்நிறக் கற்களின் நாடு

சென்னையிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறவேண்டும். இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் மால்ட்டா, கோசோ, கோமினோ ஆகிய தீவுகள் அனைத்தும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர்தான். நம் மாவட்டம் ஒன்றின் மூலையில் அடங்கிவிடும். மக்கள் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் 350-க்கும் மேற்பட்ட கோவில்கள்! எல்லாம் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மாலை வெயில் படும்போது ஊர் முழுவதும் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றும்.

1964 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடாகையால் வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்புறம் செல்கின்றன. மக்கள் பேசும் மால்ட்டிய மொழியோ அரபு மொழியின் உறவு. கோவிலில் கத்தோலிக்கர் இறைவனை ‘அல்லா’ என்றே அழைக்கின்றனர். தவக்காலத்தை ‘ரன்டான்’ என்கின்றனர். திருப்பலியில் அச்சொல்லைக் கேட்டதும் தங்கை கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். இராணிப்பேட்டை ஆலையில் அவருடன் முப்பதாண்டுகள் தோளுரசி நின்ற இஸ்லாமிய நண்பர்களை அவர் நினைத்திருப்பார். “ஊருக்குப் போனதும் பாயிடம் சொல்லவேண்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை ரபாத் ஊரில் பவுலடியாரின் குகைக்குச் சென்றோம். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ‘மெலித்தா’ என்று படித்திருக்கிறோமே, அத்தீவு இதுதான். திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி இரண்டு அதிகாரங்களை நினைவு கொள்ளுங்கள். கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட பவுல் ஏறிய கப்பலில் 276 பேர். கப்பல் உடைந்தது, நீந்தியும் பலகைகளைப் பற்றியும் அனைவரும் கரை சேர்ந்தனர். மழையிலும் குளிரிலும் நடுங்கிய அந்த அந்நியர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்பளித்தனர். தலைவர் பூப்பிலியுவின் தந்தை காய்ச்சலிலிருந்து நலம் பெற்றார். மூன்று மாதங்கள் அங்கே தங்கினர். அந்நாளின் நினைவு ஆண்டுதோறும் பெப்ருவரி 10-ஆம் நாள் தலைநகர் வாலெட்டாவில் பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது. 2022 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிசு இக்குகையில் செபித்தார். நாங்கள் ஆறு மாதங்கள் திட்டமிட்டு, முத்திரைமேல் முத்திரை பெற்று வந்தோம். பவுலடியார் ஓர் உடைந்த பலகையோடு வந்தார். எனினும் அவருக்கு இடம் கிடைத்தது.

வழியில் மொஸ்தா நகரின் வட்டக் கோவில். 1942 ஏப்ரல் 9-ஆம் நாள், இறைமக்கள் கூடியிருந்த வேளையில் போர் விமானத்தின் குண்டு ஒன்று அதன் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. அண்ணாந்து அந்தக் கூரையைப் பார்க்கையில் செபமாலை தானாகக் கைக்கு வருகிறது.

மணநாள்

சனிக்கிழமை காலை பத்து மணி. சிறிய பங்குக் கோவில். மொத்தம் 22 பேர். அவர்களுள் பாதிப் பேர் கேரளத்தையும் பிலிப்பைன்சையும் சேர்ந்த செவிலியர். அவர்களும் தம் வீடுகளை விட்டு வந்தவர்களே. மணப்பெண் எங்கள் தாய்மாமன் சீராக நான் கொண்டுசென்ற பட்டுச் சேலையை உடுத்தியிருந்தாள். சாட்சிகள் இருவருள் நான் ஒருவன். மால்ட்டியக் குரு மோதிரங்களோடு தாலியையும் மந்திரித்தார். சிலுவை பொறித்த அத்தாலியைக் கோத்த மஞ்சள் கயிறு என் தாயார் தம் கையால் முறுக்கி, பழைய செபப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வைத்து அனுப்பியது. இது என்ன என்று குரு கேட்டார். மணப்பெண் விளக்க முயன்றாள், குரல் எழவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார்: “இவள் பாட்டி வந்திருக்கிறார் என்பதற்கு அடையாளம், சுவாமி.”

விருந்து பங்கு மண்டபத்தில். தங்கை கணவர் பெட்டியில் சுமந்துவந்த ஐந்து கிலோ சீரகச் சம்பா அரிசியில் ஆம்பூர் முறைப்படி பிரியாணி. உள்ளூரார் கொண்டுவந்த ‘பஸ்தித்சி’ எனும் பாலாடைப் பணியாரம். யாரும் பந்திக்கு முந்தவில்லை. யாரும் மொய் எழுதவில்லை. எழுநூறு பேர் விருந்தில் ஒருவரோடும் உட்கார்ந்து பேச வாய்க்காத அந்த மனிதர், அன்று மகளின் பக்கத்தில் அமர்ந்து வயிறார உண்டார்.

ஞாயிறன்று இருபத்தைந்து நிமிடப் படகுப் பயணத்தில் கோசோத் தீவுக்குச் சென்றோம். 1883-இல் ஓர் ஏழை உழவர் குலப் பெண் அன்னை மரியாவின் குரலைக் கேட்ட இடமாகிய தா பீனு திருத்தலத்தில் மணமக்கள் முழந்தாளிட்டனர். உடன்பிறந்தவனுக்காகவும் ஆயாவுக்காகவும் இரண்டு மெழுகுதிரிகள் ஏற்றினாள்.

திரும்பி வந்தபோது

செலவுக் கணக்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான்கு விமானச் சீட்டுகள் மலிவானவை அல்ல. ஆயினும் மணமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே செலவைத் தாங்கினர். ஒரு ரூபாயும் கடன் இல்லை. அதற்காக எல்லாரும் தீவுக்குச் செல்க என்று நான் கூறவில்லை. கடலைக் கடந்து சென்று ஆடம்பரம் செய்தால் அதுவும் ஆடம்பரமே. சோளிங்கர்த் தெருவிலேயே கடனின்றி எளிய மணம் செய்தால் அதுவே சிறப்பு. கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்துபோனது. அக்குறையை ஊரறியப் பேசாமல் மகனிடம் மட்டும் சொன்னவர் நம் அன்னை. நம் வீடுகளிலோ குறை தெரியக்கூடாது என்பதற்காகவே கடன் வாங்குகிறோம்.

ஆனால் இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். தம்பி தன் அக்காளின் திருமணத்தைக் கைபேசித் திரையில் பார்த்தான். அத்தைகள் இருவர் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களிடம் முதலிலேயே நேரில் சென்று சொல்லியிருக்கவேண்டும். அது எங்கள் பிழை.

ஊர் திரும்பிய முதல் மாலை, மணமேடைப் படங்களைத் தாயாரிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்தார். பிறகு, ஏதோ பெரிய இரகசியம் போலச் சொன்னார்:

“மூன்று ஞாயிறும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனடா. சாமியார் அவள் பெயரை வாசித்தபோது கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. அங்கே இருபது பேர்தானே கேட்டீர்கள்? இங்கே ஊரே கேட்டது.”

வரும் கிறிஸ்து பிறப்புக்கு மணமக்கள் வருகிறார்கள். நன்றித் திருப்பலிக்குப் பின் சாதமும் சாம்பாரும் ஒரு பாயசமும் என்று தாயார் தீர்மானித்துவிட்டார். அத்தைகளை அழைக்க அவரே ஆட்டோவில் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.