கிராவல் பாதை



‘கிராவல்’ என்ற சொல்லை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனையை மேடாக்கவும், தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையை நிரவவும் டிராக்டரில் வந்து கொட்டப்படுகிற, சரளை கலந்த செம்மண் அது. அந்தச் சொல் இப்பொழுது சைக்கிளோடு சேர்ந்து நம் வாலிபர்களின் வாயில் புழங்குகிறது. ‘நல்ல தார்ச்சாலை இருக்கும்போது மண்பாதையில் ஓட்டுவதற்கென்று இத்தனை விலையில் ஒரு சைக்கிளா, ஐயரே?’ என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டீர்கள். கேள்வி நியாயமானதே. இந்த வாரம் அதைக் குறித்தே எழுதுகிறேன்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சில வார்த்தைகள். பந்தய சைக்கிளைப் போலவே இதன் ஹேண்டில்பாரும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் பந்தய சைக்கிளின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமாக இருக்க, இதன் டயரோ 40 மில்லிமீட்டர் அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். காற்றைச் சற்றுக் குறைத்தே வைப்பார்கள். அப்பொழுது டயர் கல்லின்மேல் துள்ளாமல் அமுங்கிக் கடந்துபோகும். ஏற்றத்துக்கென்று மிக இலகுவான கியர்களும், இறக்கத்துக்கென்று டிஸ்க் பிரேக்கும் உண்டு. அமெரிக்காவின் கேன்சஸ் மாகாணத்து எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ஆம் ஆண்டு ஒரு சிறு கூட்டம் சரளைச் சாலைகளில் 200 மைல் ஓட்டியது. அது பெரும் போட்டியாக வளர்ந்தது. 2022-இல் இத்தாலியில் இதற்கு உலக சாம்பியன் போட்டியே முதன்முறையாக நடந்தது.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நல்ல சாலைகள் வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்களே முன்னணியில் நின்றார்கள். அன்று சேற்றிலும் கல்லிலும் அவதிப்பட்டவர்கள் சமமான சாலை கேட்டார்கள். அது கிடைத்த பின்பு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மறுபடியும் கல்லைத் தேடிப் போகிறார்கள்! மனுஷ இருதயம் விசித்திரமானதுதான்.

நம் பகுதியோ இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. சித்தையன்கோட்டையிலிருந்து ஆத்தூர் வழியாகக் காமராஜர் அணை வரை செல்லும் வழியில் ஏற்றமே இல்லை எனலாம். தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே போதும். திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீர் அந்த அணையிலிருந்து போகிறது. அணைக்கு வரும் நீரோ பெரும்பாறைக்கு அருகே புல்லாவெளியில் அருவியாய் விழுந்து இறங்கி வருகிறது. அந்த நீர் வந்த திசையில் மேலே ஏற வேண்டுமென்று வாலிபர் விரும்பினால், சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு மலைச்சாலை இருக்கிறது. காபித் தோட்டங்களும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், மலைவாழையும் நிறைந்த வழி அது. தருமத்துப்பட்டியிலிருந்து ஆடலூர், பன்றிமலைக்கு ஏறுவது இன்னொரு வழி. திண்டுக்கல்லுக்கு மறுபுறத்தில் 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலை நிற்கிறது. பிரதான சாலை எங்கும் தார்தான். ஆனால் அதிலிருந்து தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் பிரிகிற கிளைகளெல்லாம் கிராவலும் கல்லுமே.

எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. இருந்தாலும் ஒரு போதகனாக அல்ல, சைக்கிள் ஓட்டுகிறவனாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. சரளையில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புல்லாவெளிப் பாறைகளில் வழுக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அங்கே இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். வனத்துறையின் பாதைகளில் அனுமதியின்றி நுழையாதிருங்கள். காட்டுமாடும் யானையும் நடமாடும் மலை அது. விடியுமுன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓசையின்றி வரும் சைக்கிளை அவை எதிர்பார்ப்பதில்லை.

இனி, என் மனதில் கிடந்து உறுத்துகிற காரியத்துக்கு வருகிறேன்.

கும்பக்கரைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே வெள்ளகவி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊர் முழுவதையும் கோயிலாக எண்ணுவதால் அதற்குள் யாரும் செருப்பணிவதில்லை. பல தலைமுறைகளாக அவ்வூருக்குச் சாலை இருந்ததில்லை. அரிசியும் உப்பும் குதிரையின் முதுகில் ஏறின. பிரசவ வேதனைப்படுகிறவளையும் பாம்பு கடித்தவனையும் டோலி கட்டி, நாலு பேர் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார்கள். நம் சபை சரித்திரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனரிமார் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டியபோது, சமவெளியிலிருந்து மேலே போக மலைப்பாதையே இருந்தது. வண்டி ஏறாத அந்தக் காலத்தில் மிஷனரிக் குடும்பங்களின் பெண்களும் பிள்ளைகளும் சுமைகாரரின் தோள்களில் ஏறித்தான் மலைக்குப் போனார்கள். மிஷனரிமாரின் பெயர்கள் நம் ஆலயச் சுவர்களில் கல்வெட்டாக இருக்கின்றன. தூக்கிச் சென்றவர்களின் பெயரை எங்கும் நான் கண்டதில்லை.

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் வெண்ணிறச் சரளைச் சாலைகள் உண்டு. அவற்றைத் தார் போட்டு மூடிவிடக் கூடாது என்பதற்காகவே 1997-இல் ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார்கள். அந்நாட்டாருக்கு அது தகும். அங்கே மருத்துவமனைக்குப் போக வேறு சாலை இருக்கிறது. நம் வாலிபர் ஒருவர், ‘ஆடலூர்ப் பக்கத்து மண்பாதைகளுக்கும் தார் போட்டுவிட்டால் அழகு போய்விடும், ஐயா’ என்று என்னிடம் சொன்னார். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் பார்த்தது செம்மண்ணின் அழகை. அது மெய்யாகவே அழகுதான். ஆனால் மழைக்காலத்து இரவில் அந்தப் பாதையில் நோயாளியைக் கொண்டுவருகிறவர்களுக்கு முன்பாக அவர் அதைச் சொல்ல முடியுமா?

ஏசாயா 40-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். தீர்க்கதரிசி அங்கே கரடுமுரடான வழியைப் புகழவில்லை. சிறையிருப்பிலிருந்து திரும்பி வருகிற களைத்த ஜனத்துக்காக மேடு தாழ வேண்டும், பள்ளம் நிரம்ப வேண்டும் என்கிறார். நம் பிரசங்கங்களில் ‘கடினமான பாதையே ஆசீர்வாதம்’ என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். தானாகத் தெரிந்துகொண்டவனுக்கு அது ஆசீர்வாதமாயிருக்கலாம். மற்றவர்மேல் அதைச் சுமத்திவிட்டு ஆசீர்வாதம் என்று பெயரிட வேதம் நமக்கு இடங்கொடுப்பதாக நான் நினைக்கவில்லை.

நல்ல சமாரியனையும் எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி ஏறத்தாழ 1000 மீட்டர் சரிவு. தாண்டிக்குடியிலிருந்து சமவெளிக்கு இறங்குவதும் ஏறக்குறைய அவ்வளவே. காயப்பட்டவனை அவன் தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான் என்று வாசித்து அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். அப்படியானால் மீதி வழியை அவன் எப்படிக் கடந்தான்? நடந்திருக்க வேண்டும், அந்த வெயிலில், கல்லின்மேல், கழுதையைப் பிடித்துக்கொண்டு.

ஆகவே பெற்றோரே, சைக்கிளைத் தடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். கைபேசிக்குள் கவிழ்ந்து கிடப்பதைவிடப் பெரும்பாறை ஏற்றத்தில் மூச்சுவாங்குவது நல்லது. வாலிபரே, மேலே ஒரு தேநீர்க்கடையில் உட்காரும்போது படம் எடுத்த பின்பு அந்த ஊராரிடம் விசாரியுங்கள்: இங்கே ஆம்புலன்ஸ் எதுவரை வரும்? பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீட்டர்? மழையில் எந்த இடத்தில் பாதை அறுந்துபோகும்? கேட்டதை ஒரு தாளில் எழுதி, நாளும் இடமும் குறித்து என்னிடம் கொடுங்கள். மனுவாக எழுதி, உங்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, கொடைக்கானலுக்கோ நானே வருகிறேன்.

குறுகிய பாதையில் விறகோ வாழைத்தாரோ சுமந்து யாராவது எதிரே வந்தால், இறங்கி சைக்கிளைப் பள்ளத்துப் பக்கமாக நிறுத்திவிட்டு வழி விடுங்கள். மாற்று டியூப் இரண்டு, பம்பு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். சனிக்கிழமையே போய்விட்டு வாருங்கள். ஞாயிறு ஆராதனையில் கால்வலியோடு உட்கார்ந்திருப்பவர்களை நான் மேடையிலிருந்தே கண்டுகொள்வேன்.