காஞ்சி நெசவு வீட்டுப் பழஞ்சாமான்கள்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற பழைய வீடுகள் அகலம் குறைந்து, தெருவிலிருந்து கொல்லைவரை நீண்டிருக்கும். முன்கூடத்தில் தறி, அதன் பின்னால் அடுக்களை, கொல்லையில் கிணறும் கக்கூசும். இவ்வீடுகளில் புழங்கிய சாமான்களைப் போன்றவை இன்று ஓட்டல் முற்றங்களில் அலங்காரமாக நிற்கின்றன. அவை யார் உழைப்பில் ஓடின என்று பார்த்தால், ஏங்குவதற்கு அவற்றில் அதிகம் இல்லை.

ஜக்கார்டு பெட்டி வருமுன் கரையிலும் முந்தானையிலும் கொடியும் யாளியும் அன்னமும் விழுந்தது அடை என்னும் நூல்கட்டால். டிசைன் முழுவதும் நூல் கண்ணிகளாகப் பாவோடு கட்டப்பட்டிருக்கும். எந்த ஊடைக்கு எந்த இழை எழ வேண்டுமோ அந்தக் கண்ணியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, நெசவாளர் நாடாவை விடுவார். இழுத்துப் பிடித்தது பெரும்பாலும் சிறுவர்கள். ஓட்டை போட்ட அட்டைகளால் அதே வேலையைச் செய்யும் ஜக்கார்டு பரவியதும் அடை கழன்றது. அடை கட்டுவது நுட்பமான கணக்கு. அது மறைந்ததற்கு வருந்தலாம். கண்ணி இழுத்தே பொழுது கழித்த பையனுக்கு அந்த வருத்தம் இருந்திருக்காது.

அடை போன பிறகும் கோர்வை நெசவு பிள்ளைகளை விடவில்லை. அதில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடா ஓட வேண்டும்: இரு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. நெசவாளரின் இரு கைக்கு அது அடங்காது. அதனால் குழித்தறியின் பலகையில் அவருக்குப் பக்கத்திலேயே, கரை நாடாவைத் தள்ளுவதற்குப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளையும் உட்கார்ந்தது. பிள்ளையின் பேரில் பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால், கடன் அடையும்வரை அந்தப் பலகையை விட்டு எழ முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை இந்த ஏற்பாட்டைக் காஞ்சிபுரத்திலும் கண்டு எழுதியது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் கூடி நடத்தும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. தறியே வீட்டுக்குள் இருக்கிற ஊரில் அயலார் பிள்ளையையும் உறவு சொல்லி அந்த விலக்குக்குள் நுழைத்துவிடலாம். 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எல்லாத் தொழிலிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை விட்டுவைத்தது.

தறிக்கு மேலே தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முடியளவு இழையை அந்த வெளிச்சத்தில் தேடிக் கண் கெட்டது. கரி படிந்தால் வெளிர்நிறப் பட்டும் கெட்டது.

அடுக்களையில் அதிகப் புகழ் ஆட்டுக்கல்லுக்குத்தான். காஞ்சிபுரம் இட்லி அதற்கு வாய்த்த நல்ல சாட்சி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து நைவேத்தியமாகும் அந்த இட்லிக்கு மாவு கொரகொரப்பாக இருக்க வேண்டும். கல்லில் அரைத்தால்தான் அந்த ருசி என்பார்கள். கிரைண்டரைச் சற்று முன்னதாக நிறுத்தினாலும் மாவு கொரகொரப்பாகத்தான் இருக்கும். ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைக் குழிக்குள் தள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் நசுங்கும். கல் வழவழத்துப் போனால் கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டும். கொத்திய கல்லில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டாவிட்டால் மாவில் மணல் நறநறக்கும். நெசவு வீட்டில் இத்தனையும் செய்தவர், தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிற அதே பெண்தான். கோவையில் பி. சபாபதி 1955-இல் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது கேலி பேசியவர்களில் எத்தனை பேர் கல்லில் அரைத்திருப்பார்கள் என்பது சந்தேகம்.

விறகடுப்பும் ஊதுகுழலும் மண்வாசனைச் சமையல் என்ற பெயரில் திரும்பி வருகின்றன. விறகு, சாணி, கரி போன்ற எரிபொருள்களின் வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. வாரத்துக்கு ஒருநாள் மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பவரை அந்தப் புகை ஒன்றும் செய்துவிடாது. மூன்று வேளையும் அடுப்பின் முன் குந்தியவரின் நெஞ்சு வேறு.

பம்பு ஸ்டவ் அந்தப் புகைக்கு மாற்றாக வந்து வேறொரு பயத்தைக் கொண்டுவந்தது. ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்பது பத்திரிகைகளில் வழக்கமான செய்தியாக இருந்தது. அவற்றில் எத்தனை விபத்து என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் நேரும் வரதட்சிணைச் சாவுக்கென்று 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்க்கப்பட்டது.

கொல்லைக் கோடியில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். இதற்காக மட்டும் யாரும் ஏங்குவதில்லை. மலத்தை வாரிக் கூடையில் சுமந்து போகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் இருக்க, பின்பக்கமாகவே வந்து போக வழி விட்டிருந்தார்கள். இத்தகைய உலர் கழிப்பிடம் கட்டுவதை 1993 சட்டம் தடை செய்தது. இருப்பதை இடிக்கவோ மாற்றவோ வேண்டிய பொறுப்பை 2013 சட்டம் வீட்டுக்காரர் மேலேயே வைத்தது. அந்த இடத்துக்கு வந்த செப்டிக் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதும் அதே சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாவது இன்னும் நின்றபாடில்லை.