கல்லுக்குள் ஒரு கடல்

யாழ்ப்பாணத்திலே மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. ஆயினும், நம் காலடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் வரலாறு எந்த மலையின் வரலாற்றுக்கும் இளைத்ததன்று. அதைக் கண்ணாரக் காண விரும்பி, கட்டுச்சோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளுடன் கீரிமலைப் பக்கம் சென்றோம்.

வீதியோரத்திலே, மண் வெட்டப்பட்டுப் பாறை வெளித்தெரியும் ஓரிடத்தில் நின்றோம். முதற்பார்வைக்கு அது வெறுங்கல்லே. பொறுமையுடன் நோக்க நோக்கச் சிப்பியின் வரிகள் தோன்றின. சுருண்ட நத்தையின் வடிவம் தோன்றிற்று. சிறு துளைகள் நிறைந்த முருகைக்கல்லும் புலப்பட்டது. பல இடங்களில் ஓட்டைக் காணோம். நீர் அதனைக் கரைத்துவிட, அச்சு மட்டும் கல்லிலே நிலைத்திருந்தது. கட்டுச்சோற்றுடன் வந்த தேசிக்காயைப் பிழிந்து ஒரு துளி விட்டோம், கல் நுரைத்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர்.

"கடல் அங்கேயிருக்க, சிப்பி கல்லுக்குள் எப்படி வந்தது?" என்று கேட்டாள் இளையவள்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, உயிர்ச்சுவடுகள் இல்லாத மிகப் பழைய பாறை. வடக்கும் வடமேற்குக் கரையும் அவ்வாறல்ல. மயோசீன் காலத்திலே, அதாவது 1 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இங்கே ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் பரந்திருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து இறுகிக் கல்லாயின. இப்படிவுகளைப் பற்றி வேலண்ட், டேவிஸ் என்னும் அறிஞர் இருவர் 1923ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினர்.

பின்னர் கீரிமலைக் கேணிக்குச் சென்றோம். உப்புக்கடலின் அருகிலே நன்னீர் ஊறும் விந்தைக்கும் அந்தக் கல்லே காரணம். மாரிமழை கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. நன்னீர் பாரங்குறைந்தது, ஆதலால் கீழேயுள்ள உவர்நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது. நம் கிணறுகள் அள்ளித் தருவது இந்நீரையே. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். கல்லை அகழ்ந்துகொண்டே போனால் நீர் தங்கும் இடமும் குறையும்.

நாங்கள் சுத்தியல் கொண்டு செல்லவில்லை. உதிர்ந்து கிடந்த துண்டுகளைக் கையிலெடுத்துப் பார்த்து, படம் வரைந்துகொண்டு, கிடந்த இடத்திலேயே வைத்தோம்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டிலும் பழைய மதிலிலும் இக்கல் இருக்கக்கூடும், ஒருமுறை உற்றுநோக்குங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். கோடியாண்டுக்கு முன் மடிந்த சிற்றுயிர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாத்திரம் இக்கல். அதை உடையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமை.